பெற்றோருக்கு நீர்க்கட்டிச் சிறுநீரகம்: பிள்ளைகளுக்கு கிரியாட்டினின் மட்டும் பார்த்தால் போதாது

அப்பாவோ அம்மாவோ டயாலிசிஸுக்குப் போக ஆரம்பித்ததும், வளர்ந்த பிள்ளைகள் ரத்தம் கொடுத்து, சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியாட்டினின் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிறார்கள். 0.9 என்று இயல்பான அளவில் வந்தால் வீடே நிம்மதியாகிறது. பெற்றவருக்கு இருப்பது பரம்பரை நீர்க்கட்டிச் சிறுநீரக நோய் என்றால், அந்த எண்ணை நம்பி இருந்துவிடக் கூடாது.

பெரும்பாலானவர்களுக்கு 16ஆம் குரோமோசோமில் உள்ள பிகேடி1 மரபணுவிலும், சிலருக்கு 4ஆம் குரோமோசோமில் உள்ள பிகேடி2விலும் பழுது இருக்கும். தாய் வழியிலும் தந்தை வழியிலுமாக நமக்கு வரும் இரண்டு பிரதிகளில் ஒன்று கெட்டிருந்தாலே நோய் வரும். அதனால் ஆணோ பெண்ணோ, ஒவ்வொரு பிள்ளைக்கும் வாய்ப்பு 50 சதவீதம். மூத்தவருக்கு வந்துவிட்டது, இளையவர் தப்பித்தார் என்ற கணக்கெல்லாம் செல்லாது. சொந்தத்தில் கல்யாணம் செய்ததால்தான் வந்தது என்று பழி போடுவதற்கும் இதில் இடமில்லை.

பழுதான பிரதி உடம்பின் எல்லா செல்களிலும் இருக்கிறது. ஆனால் சிறுநீரக நுண்குழாயின் ஏதோ ஒரு செல்லில், மிச்சமிருந்த நல்ல பிரதியும் கெடும்போதுதான் பொதுவாகக் கட்டி பிறக்கிறது. அந்தச் செல் பெருகிக்கொண்டே போக, குழாயின் சுவர் பலூன் மாதிரி புடைக்கிறது. உள்ளே நீர் சுரக்கிறது. பிறகு குழாயை விட்டுப் பிரிந்து தனிக் கட்டியாகிறது. இப்படிக் கெடுவது, சிறுநீரகத்தில் ரத்தத்தை வடிகட்டும் நுண் அலகுகளான நெஃப்ரான்களில் மிகச் சிலதான். ஆனால் கட்டி பெருக்கப் பெருக்க அக்கம்பக்கத்து நல்ல திசு நசுங்குகிறது. சுமார் 11 செ.மீ. இருக்க வேண்டிய சிறுநீரகம் 20 செ.மீ.யைத் தாண்டுவதும் உண்டு. அத்தனை காலமும் மிச்சமுள்ள நெஃப்ரான்கள் கூடுதல் வேலையை இழுத்துப்போட்டுச் செய்வதால், கிரியாட்டினின் பல ஆண்டுகள் அசையாமல் நிற்கிறது. அது ஏறும்போது இழப்பு பெரிதாகியிருக்கும்.

முந்திக்கொண்டு ஏறுவது ரத்த அழுத்தம். கட்டிகள் ரத்தக் குழாய்களை நெருக்க, ரத்தம் போதவில்லை என்று சிறுநீரகம் அழுத்தத்தை ஏற்றும் ரெனினைச் சுரக்கிறது. 30 வயதில் வரும் பிரஷரை ‘வேலை டென்ஷன்’ என்று தள்ளிவிடுவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. மருந்துக்கு நன்றாகப் பலன் கிடைக்கும் கட்டம் அதுதான். சிறுநீரகம் நன்றாக இயங்கிய 15 முதல் 49 வயதுக்காரர்களிடம் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், அழுத்தத்தை 110/75க்குள் வைத்திருந்தவர்களுக்குச் சிறுநீரகம் வீங்கும் வேகம் சுமார் 14 சதவீதம் குறைந்தது. எவ்வளவு குறைக்கலாம் என்பதை மருத்துவர் ஆளுக்கு ஆள் முடிவுசெய்வார்.

வீட்டில் யாருக்காவது மூளை ரத்தக் குழாய் வீங்கி வெடித்திருந்தால் அதையும் மறக்காமல் சொல்ல வேண்டும். இந்த நோயாளிகளில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு அத்தகைய வீக்கம் இருக்கிறது.

நோயைக் கண்டுபிடிக்கச் சாதாரண வயிற்று ஸ்கேன் போதும். கட்டிகள் திரையில் கறுப்பு வட்டங்களாகத் தெரியும். குடும்பத்தில் நோய் உள்ள 15–39 வயதுக்காரருக்கு இரு பக்கமும் சேர்த்து மூன்று கட்டி இருந்தாலே நோய் உறுதி. 40 தாண்டியும் ஒன்றுகூட இல்லையென்றால் பயமில்லை. இருபதுகளில் ஸ்கேன் சுத்தமாக வந்தால் மட்டும் அதை முடிவாக எடுத்துக்கொள்ள முடியாது. அப்பாவுக்குக் கிட்னி கொடுக்க முன்வரும் 25 வயது மகளுக்கு, எம்ஆர்ஐயில் ஐந்துக்கும் குறைவான கட்டிகளே இருக்கின்றனவா என்று பார்க்கிறார்கள். சந்தேகம் இருந்தால் மரபணுப் பரிசோதனையும் செய்த பிறகே சம்மதிக்கிறார்கள்.