பலகை ஏன் உடையவில்லை?

டேக்வாண்டோ கறுப்புப் பட்டைத் தேர்வில் பூம்சே, அதாவது வரிசை அசைவுகள், ஆடும்போது கால் கொஞ்சம் பிசகினால் மதிப்பெண் குறையும், அவ்வளவுதான். கியோருகியில், அதாவது நேர்ச் சண்டையில், நாலு உதை வாங்கினாலும் சமாளித்துக்கொள்ளலாம். பல டோஜாங்குகள் (பயிற்சிக் கூடங்கள்) தேர்வில் சேர்த்திருக்கும் கியோக்பாவில், அதாவது பலகை உடைப்பில், இந்தச் சலுகை கிடையாது. உடையும், இல்லாவிட்டால் உடையாது. அந்தப் பயத்தில் பலர் கடைசி வாரங்களில் கால் வலுவைக் கூட்டப் போராடுகிறார்கள். பெரும்பாலும் வீண் வேலை. தேவையான வலு அவர்களிடம் ஏற்கெனவே பல மடங்கு இருக்கிறது.

கணக்குப் போட்டே பார்க்கலாம். 1979-இல் மைக்கேல் ஃபெல்ட், ரொனால்ட் மெக்நேர், ஸ்டீபன் வில்க் என்ற இயற்பியலாளர்கள் கராத்தே அடிகளை ஆராய்ந்து கட்டுரை எழுதினார்கள். (மெக்நேர் கராத்தேயில் கறுப்புப் பட்டை பெற்றவர், பின்னாளில் விண்வெளி வீரராகி 1986 சேலஞ்சர் விபத்தில் இறந்தவரும் அவர்தான்.) 28 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலம், 19 மி.மீ. தடிமன் உள்ள மரப்பலகை சுமார் 670 நியூட்டன் விசையில், ஏறக்குறைய 1 செ.மீ. வளைந்ததும் உடைகிறது என்பது அவர்கள் கண்டது. அதற்குத் தேவை சுமார் 5 ஜூல் ஆற்றல். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் அரை மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் கிடைப்பது அதே அளவுதான். தேர்வுப் பலகையின் அகலம் 30 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் தேவை இரட்டிப்பாகும்; 10 ஜூல். 60 கிலோ எடையுள்ளவரின் ஒரு கால் ஏறத்தாழ 10 கிலோ. அதில் பாதி மட்டுமே மோதலில் பங்கெடுக்கிறது, வேகம் நொடிக்கு 6 மீட்டர் என்று குறைத்தே மதிப்பிட்டாலும் 90 ஜூல் வருகிறது. மோதலில் ஒரு பங்கு விரயமானாலும் மிச்சம் தாராளம்.

பிறகு ஏன் உடையவில்லை? முதலில் பலகையைப் பாருங்கள். மரம் எல்லாத் திசையிலும் ஒரே உறுதி கொண்டதல்ல. உலர்ந்த வெள்ளைப் பைன் மரத்தை ரேகையின் (மர நார் ஓடும் கோடுகளின்) நீளவாக்கில் வளைத்தால் சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 59 நியூட்டன் வரை தாங்கும். ரேகைக்குக் குறுக்கே இழுத்தாலோ சுமார் 2 நியூட்டனிலேயே பிளந்துவிடும். ஆகவே இருவர் இடமும் வலமுமாகப் பிடித்தால் ரேகை மேலிருந்து கீழாக ஓட வேண்டும். பிடிக்கும் ஓரங்களுக்கு ரேகை இணை. பலகையை 90 பாகை திருப்பிப் பிடித்துவிட்டால் எந்த மாஸ்டரின் காலும் திணறும். பிளைவுட் வாங்கவே கூடாது. அதில் அடுக்குக்கு அடுக்கு ரேகை திசை மாறுவதால், பிளக்கத் தோதான திசையே இருக்காது.

கணு உள்ள பலகையையும் தள்ளுங்கள். கணுவைச் சுற்றி ரேகை வளைந்து போகும். விரிசல் நேரே ஓடாமல் அங்கே மாட்டிக்கொள்ளும். ஒரே அளவுள்ள இரு பலகைகளைக் கைக்கு ஒன்றாகத் தூக்கிப் பார்த்தால், கனமானது ஒன்று அடர்த்தி கூடியது அல்லது ஈரம் கோத்தது. ஈரப் பலகை இன்னும் அதிகம் வளைந்து கொடுத்து அடியை விழுங்கும். மழைக்காலத்தில் கட்டடத்தின் தரையில் அடுக்கி வைத்த பலகைகள் தேர்வன்று அடம்பிடிப்பது இதனால்தான்.

தடிமன் விஷயத்தில் கருணையே கிடையாது: தேவையான விசை தடிமனின் வர்க்கத்தோடு ஏறும். இரண்டு பலகைகளை ஒட்டாமல் அடுக்கினால் இரு மடங்கு விசை போதும். அதே தடிமனில் ஒரே கட்டையாக இருந்தால் நான்கு மடங்கு வேண்டும். சிறுவர்களுக்கு 19 மி.மீ.க்குப் பதில் 12 மி.மீ. பலகை கொடுத்தால் தேவை பாதிக்கும் கீழே இறங்கிவிடும். அவர்களின் எலும்பு முனைகளில் வளர்ச்சித் தட்டுகள் (எலும்பு நீண்டு வளரும் இடங்கள்) இன்னும் மூடியிருக்காது என்பதால் இதில் வீராப்பு வேண்டாம்.

அடுத்தது, பெரும்பாலும் யாரும் குறை சொல்லாத ஆள்: பலகை பிடிப்பவர். அவர் கை 5 செ.மீ. பின்னால் போனால், உதை பலகையை வளைப்பதற்குப் பதில் அவரைத் தள்ளிவிட்டு ஓய்ந்துவிடும். ஒரு கால் பின்னே ஊன்றி, முழங்கை நீட்டிப் பூட்டி, முகத்தைத் தள்ளி வைத்து நிற்க வேண்டும். உள்ளங்கையின் அடிப்பகுதி பலகையின் பின்முகத்தில் ஓரத்தை ஒட்டி இருக்கட்டும். பயத்தில் கைகளை உள்ளே நகர்த்தி, 26 செ.மீ. இடைவெளியை 20 ஆக்கினால் தேவையான விசை 30 விழுக்காடு கூடிவிடும். கூடவே விரல்களும் ஆபத்தில்.

இனி உதைப்பவர். நடுக்கோட்டில் பட வேண்டும். பிடித்த கைக்கு 4 செ.மீ. அருகே பட்டால் ஏறத்தாழ இரு மடங்கு விசை தேவைப்படும். படும் பரப்பும் சிறியதாக இருக்க வேண்டும். யோப்சாகியில் (பக்கவாட்டு உதையில்) குதிகாலும் பாதத்தின் வெளி ஓரமும். அதற்கு இடுப்பு முழுக்கத் திரும்பி, ஊன்றிய காலின் குதிகால் பலகையைப் பார்க்க வேண்டும். உள்ளங்கால் முழுதும் பதிந்தால் அது தள்ளல்தான். ஆப்சாகியில் (முன் உதையில்) விரல்களை மேல்நோக்கி மடக்காவிட்டால் உடைவது விரல். சண்டையில் பழகிய தோல்யோசாகியை (சுழற்றி அடிக்கும் உதையை) புறங்காலால் பலகையில் அடிக்காதீர்கள். அங்கே தோலுக்கு அடியிலேயே மெல்லிய எலும்புகள். விரலடிப் பந்துப் பகுதியால் அடிப்பதே சரி.

எல்லாம் சரியாக இருந்தும் உடையாத பலகைகளின் காரணம் வேகம் குறைவது. கையோ காலோ முழுதாக நீள்வதற்குச் சற்று முன்னரே உச்ச வேகத்தை அடைந்து, மூட்டைக் காப்பாற்ற வேகத்தைக் குறைக்கத் தொடங்கும். குத்தில் அந்த உச்சம் கை ஏறக்குறைய முக்கால் பங்கு நீண்டபோது வரும். பலகையின் முகத்தையே இலக்காக வைத்தால் மெதுவாகும் கட்டத்தில்தான் மோதுவீர்கள். எனவே தூரம் அளக்கும்போது, குதிகால் பலகையைத் தொடும் நிலையில் முழங்கால் இன்னும் மடங்கியே இருக்கட்டும். இலக்கு பலகைக்கு 10–15 செ.மீ. பின்னால். இதைப் பழகப் பலகையே தேவையில்லை. ஒருவர் செய்தித்தாளின் ஒற்றைத் தாளை மேலே பிடித்துத் தொங்கவிட, மற்றவர் குத்தட்டும். வேகம் இருந்தால் கிழியும், தயங்கினால் தாள் விலகிப் போகும்.

உடையாத பலகை வலிப்பதற்கும் காரணம் உண்டு. உடைந்தால் விசை சில மில்லி நொடிகளில் அறுந்து, கால் கடந்து போய்விடும். உடையாவிட்டால் வந்த வேகம் முழுவதும் நின்று திரும்ப வேண்டும். அந்த விசை முழுவதும் எலும்புக்கும் மூட்டுக்கும் போகும். வலித்த அதே காலால் இரண்டாம் முறை அடிப்பவர் தன்னை அறியாமலே மெதுவாக்கிவிடுவார். விதி அனுமதித்தால் அங்கே மறுகாலுக்கோ திச்சாகிக்கோ (பின் உதைக்கோ) மாறுவது நல்லது. அதற்கு முன் பிடிப்பவரின் முழங்கையையும் ரேகையின் திசையையும் இன்னொரு முறை பாருங்கள்.