மேட்டுப்பாத்தி: தண்ணீர் எங்கே போகும், மண் எங்கிருந்து வந்தது?

போன ஐப்பசி மழையில் நீலகிரி மலையில் கேத்திப் பக்கம் ஒரு வீட்டுத் தோட்டத்தைப் பார்க்கப் போனேன். பின்கட்டுச் சரிவில் ஆறு மேட்டுப்பாத்திகள், எல்லாம் மேலிருந்து கீழாக. இரண்டு பாத்திக்கு நடுவே நடக்க விட்ட இடம் முழங்கால் ஆழத்துக்கு அறுத்திருந்தது. முட்டைக்கோஸ் நாற்றுகள் சேற்றோடு கீழ்வீட்டுச் சுவரில் ஒட்டிக் கிடந்தன. "பாத்தி மேடா இருந்தா தண்ணி நிக்காதுன்னு சொன்னாங்களே சார்" என்று அந்த அக்கா கலங்கி நின்றார். அவருக்குச் சொன்னது சமவெளிக் கணக்கு. மலையில் தண்ணீர் நிற்காமல் இருப்பது மட்டும் போதாது, ஓடாமலும் இருக்க வேண்டும்.

நீலகிரியில் பாத்தியைச் சரிவுக்குக் குறுக்கேதான் போட வேண்டும். மட்டம் பார்க்க மூன்று கம்பு, ஒரு கயிறு, ஒரு கல் போதும். கம்புகளை 'ஏ' எழுத்து மாதிரி கட்டி, உச்சியிலிருந்து கல்லைத் தொங்கவிட்டால் மட்டக்கோடு தெரிந்துவிடும். பத்தடி நீளத்துக்கு ஓர் அங்குலம் மட்டும் வாட்டம் கொடுத்து, மிச்சத் தண்ணீரைப் புல் வளர்ந்த ஓரவாய்க்காலில் சேர்த்துவிடுங்கள். இரண்டு பக்கமும் கை எட்டும் என்றால் அகலம் 4 அடி. ஒரு பக்கம்தான் நிற்க முடியும் என்றால் இரண்டரை அடிக்கு மேல் வேண்டாம். உயரம் முக்கால் அடி. காரட்டுக்கு ஓர் அடி பொலபொலப்பான மண் வேண்டும், கல் இருந்தால் கிழங்கு கவைத்துவிடும்.

தோட்டம் போடும் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பாத்திக்கு நானே கல்லும் சிமெண்டும் வைத்துச் சுவர் கட்டினேன். நீர் கசிய ஓட்டை விடவில்லை. மழையில் ஊறிய மண் சுவரையே தள்ளிச் சாய்த்துவிட்டது. யாருக்கும் அடிபடவில்லை, ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 2009 நவம்பர் மழையில் இந்த மாவட்டத்தில் நிலம் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. என் சுவர் சாய்ந்த பிறகு, சிமெண்ட் இல்லாமல் கல்லை வெறுமனே அடுக்குவதோடு சரி. பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைச் சிலர் பாத்திக்கு அணையாக நடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அது உடைந்தால் வரும் தூசி நுரையீரலுக்குக் கேடு.

அடுத்தது மண். பாத்தியை நிரப்ப ஒரு லோடு மண் இறக்குகிறவர்கள், அது எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்று கேட்பதே இல்லை. உருளைக்கிழங்கைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு நீலகிரியில் 1961-இலேயே கண்டறியப்பட்டது. தாக்கிய செடியைப் பிடுங்கி வேரை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள்: குண்டூசித் தலையைவிடச் சின்னதாக, வெள்ளையும் மஞ்சளுமாக மணிகள் ஒட்டியிருக்கும். காய்ந்து பழுப்பானதும் ஒவ்வொரு மணிக்குள்ளும் நூற்றுக்கணக்கில் முட்டைகள். செடியே இல்லாவிட்டாலும் பல வருடம் மண்ணுக்குள் உயிரோடு கிடக்கும். தக்காளி, கத்திரியிலும் வரும். மண்வெட்டியில், பூட்ஸில் ஒட்டிய மண்ணோடேகூட அடுத்த தோட்டத்துக்குப் போய்விடும். அதனால் உங்கள் இடத்து மேல்மண்ணையே வழித்துத் தனியாகக் குவித்து வையுங்கள். பாத்திக்கு அதுதான் நல்லது. மண்ணை வெட்டும்போது அடியில் வரும் செம்மண்ணில் சத்து குறைவு.

நம் மண் புளிப்பு மண். பரிசோதனை செய்து, அளவு தெரிந்துகொண்டு, விதைக்க ஒரு மாதம் முன்பே டோலமைட் (புளிப்பைக் குறைக்கும் சுண்ணாம்புக் கல் பொடி) போடுங்கள். அதோடு சேர்த்து எருவைக் கொட்டினால் தழைச்சத்து காற்றில் போய்விடும், இடைவெளி விடுங்கள். மக்காத கோழி எரு காரட்டுக்கு ஆகாது. கற்பூர மரத்து (யூகலிப்டஸ்) இலை மக்க நாளாகும், அதைப் பாதையில் பரப்பலாம்.

அந்த அக்கா வீட்டில் ஆறு பாத்தியையும் கலைத்து, குறுக்கே நான்காகப் போட்டோம். ஓரவாய்க்காலில் கிக்குயூ புல் பதித்திருக்கிறோம். கார்த்திகையில் ஒரு நாள் ராத்திரி முழுக்க மழை. காலையில் போன் செய்தார்: "வாய்க்கால்ல தண்ணி தெளிவா போகுது சார்."