ஐ.டி.ஐ.யில் தச்சு படிக்க விரும்பும் பெண்களுக்கு: என்ன தகுதி, என்னென்ன கிடைக்கும்?

தமிழ்நாட்டு அரசு ஐ.டி.ஐ.களில் தச்சுப் பிரிவு ஆண்களுக்கு மட்டும் என்று எந்த விதியும் இல்லை. 8-ஆம் வகுப்பு தேறியிருந்தால் போதும், விண்ணப்பிக்கலாம். படிப்பு ஓராண்டு. முன்பு கார்பெண்டர் என்ற பெயரில் இருந்த பிரிவு, இப்போது பட்டியலில் 'உட் ஒர்க் டெக்னீசியன்' என்று இருக்கும். பெயரைப் பார்த்து வேறு ஏதோ படிப்பு என்று தாண்டிப் போய்விடாதீர்கள்.

பலருக்கும் தெரியாத விஷயம் வயது. ஆண்கள் 40 வயது வரைதான் சேர முடியும். பெண்களுக்கு 14 வயது நிரம்பியிருக்க வேண்டும், அவ்வளவுதான். மேல் வரம்பே கிடையாது. கல்யாணமாகி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, "இனிமே எங்கே படிக்க" என்று இருப்பவர்களுக்கும் இந்த இடம் உண்டு. இதை இன்னும் சத்தமாகச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக்குக் கட்டணம் இல்லை. சேரும்போது சிறு தொகை மட்டும் கட்ட வேண்டியிருக்கும். மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், சீருடை, ஷூ, பாடப்புத்தகம், வரைபடக் கருவிகள், பஸ் பாஸ் எல்லாம் அரசே தருகிறது.

இதோடு புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். 2022 செப்டம்பரில் தொடங்கிய இந்தத் திட்டம் கல்லூரி மாணவிகளுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ஐ.டி.ஐ.யும் இதில் அடக்கம். 6-ஆம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்து, 8, 10 அல்லது 12 முடித்துவிட்டு முதன்முறையாக ஐ.டி.ஐ. சேர்பவர்களுக்கு உண்டு. 2024-25 முதல் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். ஏற்கெனவே ஒரு டிகிரியோ டிப்ளமோவோ முடித்துவிட்டு வருபவருக்கு இந்த 1,000 ரூபாய் வராது. ஆனால் 750 ரூபாய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இரண்டும் தனித்தனி. பணம் நேரே வங்கிக் கணக்குக்கு வரும். அதனால் உங்கள் பெயரில் ஆதார் இணைத்த கணக்கு ஒன்று சேரும் முன்பே தயாராக இருக்கட்டும்.

சரி, பட்டறையில் என்ன சொல்லித் தருகிறார்கள்? ஆரம்பத்தில் பெரும்பாலும் அளப்பது, அறுப்பது, இழைப்பதுதான். ஒரு கட்டையை இழைப்புளியால் இழைத்து, அதன் மேல் மூலைமட்டத்தை (செங்கோணம் பார்க்கும் கருவி) வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க வேண்டும். இடையில் வெளிச்சம் கசிந்தால் மறுபடியும் இழைக்க வேண்டும். கை பழகுவதற்கு இதைவிட நல்ல வழி இல்லை. அப்புறம் கழுந்து (கட்டையின் முனையில் விடும் நீட்டு) செதுக்கித் துளையில் பொருத்துவது, கதவு, ஜன்னல், மேஜை, நாற்காலி, கடைசல் (மரத்தைச் சுழலவிட்டுச் செதுக்குவது), பிளைவுட் ஒட்டுவது, மின் கருவிகள் என்று போகும். வட்ட ரம்பத்தின் பக்கத்தில் துப்பட்டா, வளையல், விரித்த முடி எதுவும் கூடாது. இதில் யாரும் சலுகை கேட்காதீர்கள், விரல் போனால் திரும்ப வராது.

பலம் வேண்டுமே என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டும்தான். ஆனால் கூர்மையான உளிக்குக் குறைந்த பலம் போதும். உளி தீட்டக் கற்றுக்கொள்வதுதான் முதல் பாடம்.

வருகைப் பதிவு 80 சதவீதத்துக்குக் குறைந்தால் தேர்வு எழுத முடியாது. வீட்டுப் பொறுப்பு உள்ளவர்கள் சேரும் முன்பே இதைக் குடும்பத்தோடு பேசி முடிவு செய்வது நல்லது. செய்முறைத் தேர்வில் 60 சதவீதம் எடுக்க வேண்டும். தேறினால் நாடு முழுக்கச் செல்லும் தேசியத் தொழிற்சான்றிதழ் கிடைக்கும். அதை வைத்து நிறுவனங்களில் அப்ரண்டிஸாகவும் சேரலாம், அங்கேயும் மாதாந்திர உதவித்தொகை உண்டு.

சொந்தமாகப் பட்டறை வைக்க நினைப்பவர்கள் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போக வேண்டும். 35 வயது ஆனவர்களுக்குக் கலைஞர் கைவினைத் திட்டத்தில் 3 லட்சம் ரூபாய் வரை கடனும், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியமும் இருக்கிறது. அதிலுள்ள 25 தொழில்களில் மரவேலையும் ஒன்று. கட்டட வேலையில் தச்சராக இறங்குபவர்கள் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் தங்கள் பெயரிலேயே பதிந்துகொள்ளுங்கள். கணவரின் அட்டை இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். வேலையில் அடிபட்டால் உதவி கேட்க உங்கள் அட்டைதான் வேண்டும்.

விண்ணப்பம் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையின் இணையதளத்தில் கோடை விடுமுறையை ஒட்டித் திறக்கும். மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார், போட்டோ கையில் இருக்கட்டும். கணினி வசதி இல்லாதவர்கள் பக்கத்து அரசு ஐ.டி.ஐ.க்கே நேரில் போனால் உதவி மையத்தில் பதிந்து தருவார்கள். எல்லா ஐ.டி.ஐ.யிலும் தச்சுப் பிரிவு இருக்காது, எங்கே இருக்கிறது என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம். தேதி தாண்டிவிட்டாலும் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். கலந்தாய்வு முடிந்து இடம் மீதமிருந்தால் நேரடிச் சேர்க்கை நடத்துவார்கள்.