குண்டு நின்றுவிட்டது; சுவரின் முதுகு ஏன் பெயர்ந்தது?

பாய்ந்து வரும் குண்டு ஒன்று கான்கிரீட் சுவருக்குள் பாதி தூரம் போய் நின்றுவிடுகிறது. சுவர் தப்பித்தது என்றுதான் நினைப்போம். ஆனால் அந்தப் பக்கம் நிற்பவர் அடிபட்டுக் கிடக்கலாம். அவரைத் தாக்கியது குண்டு அல்ல, சுவரின் பின்பக்கத்திலிருந்து பெயர்ந்து பறந்த கான்கிரீட் துண்டுகள்.

அமுக்கினால் தாங்கும், இழுத்தால் தாங்காது என்பது கான்கிரீட்டின் குணம். அமுக்க வலிமை 30 மெகாபாஸ்கல் (அழுத்தத்தை அளக்கும் அலகு) என்றால் இழுவலிமை 3 மெகாபாஸ்கலை ஒட்டித்தான் இருக்கும். குண்டு மோதியதும் ஓர் அமுக்க அலை வினாடிக்கு ஏறத்தாழ 4,000 மீட்டர் வேகத்தில் சுவருக்குள் ஓடுகிறது. 20 செ.மீ. சுவரைக் கடக்க அதற்கு 50 மைக்ரோவினாடி போதும். வினாடிக்கு 800 மீட்டர் வேகத்தில் வந்த குண்டு அதற்குள் 4 செ.மீ. கூட நகர்ந்திருக்காது.

பின்முகத்துக்கு அப்பால் இருப்பது வெறும் காற்று. தள்ளுவதற்கு எதுவும் கிடைக்காததால் அந்த அலை இழுவை அலையாக மாறித் திரும்புகிறது. இழுத்தால் தாங்காத கான்கிரீட் அங்கே பெயர்ந்துவிடுகிறது. வரிசையாக ஒட்டி வைத்த நாணயங்களில் முதலாவதைச் சுண்டினால் கடைசி நாணயம் மட்டும் தெறித்து ஓடுமே, அதே கதைதான். பிரிட்டிஷ் பொறியியலாளர் பெர்ட்ரம் ஹாப்கின்சன் 1914-லேயே வெடிமருந்தையும் எஃகையும் வைத்து இந்த விளைவை ஆராய்ந்திருக்கிறார். எஃகுக்கே அந்தப் பாடு என்றால் கான்கிரீட் எம்மாத்திரம்? குண்டு துளைத்துப் போகாமல் தடுக்கத் தேவையான கனத்தைவிட, பின்பக்கம் பெயராமல் இருக்கத் தேவையான கனம் அதிகம்.

சரி, உள்ளேதான் கம்பி இருக்கிறதே? இருக்கிறது, ஆனால் கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. கம்பிக்கு வெளியே இருக்கும் மேல்பூச்சுக் கான்கிரீட்டைப் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. முதலில் பெயர்வதும் அதுதான்.

இங்கேதான் இழைகள் வருகின்றன. 35 மி.மீ. நீளம், அரை மி.மீ. தடிமன், முனைகள் வளைந்த எஃகு இழைகளைக் கொள்ளளவில் 1 சதவீதம் சேர்த்தால், ஒரு கன மீட்டருக்குள் 10 லட்சத்துக்கு மேல் இருக்கும். எடை சுமார் 78 கிலோ. விரிசல் விழும்வரை இவை பெரிதாக எதுவும் செய்வதில்லை. விரிசல் திறந்த பிறகுதான் இரு கரைகளையும் பிடித்து இழுக்கின்றன. வளைந்த முனை நிமிர்ந்து, சிமென்டோடு உரசிக்கொண்டே இழை மெல்ல உருவிக்கொண்டு வரும். அடியின் ஆற்றல் அந்த உரசலில் கரைகிறது. சாதாரண கான்கிரீட்டில் ஒரு சதுர மீட்டர் விரிசலைப் பிளக்க 100 ஜூல் அளவு ஆற்றல் போதும். 2 சதவீதம் எஃகு இழை கலந்த அதிவலிமைக் கான்கிரீட்டில் அது 20,000 ஜூல் அளவுக்குப் போகும்.

கவனிக்க வேண்டியது, இழை உருவ வேண்டும், அறுந்துவிடக் கூடாது. பிடிமானம் அளவுக்கு மீறினால் இழை படக்கென்று அறுந்துபோகும், உரசலுக்கே வேலையில்லை. அதனால்தான் அதிவலிமைக் கான்கிரீட்டில் 0.2 மி.மீ. தடிமனுள்ள, மிக உறுதியான, கொக்கியில்லாத நேர் இழைகளைப் போடுகிறார்கள். பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆன இழைகள் இந்த வேலைக்கு எஃகு அளவுக்கு ஈடுகொடுப்பதில்லை. தீயில் உருகி, கான்கிரீட்டுக்குள் சிக்கிய நீராவிக்கு வழிவிடுவதுதான் அவற்றின் பலம்.

இழை போட்டால் குண்டு உள்ளே போகாது என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. குண்டின் மூக்குக்கு முன்னால் நடப்பது நசுங்கல். அங்கே இழைக்குப் பெரிய வேலை கிடையாது. துளையின் ஆழத்தைக் கான்கிரீட்டின் அமுக்க வலிமையும் ஜல்லியின் கடினமும்தான் பெருமளவு தீர்மானிக்கின்றன. இழை குறைப்பது முன்பக்கப் பள்ளத்தின் அகலத்தையும் பின்பக்கப் பெயர்ச்சியையும். சுவர் சிதறாமல் நிற்பதால் இரண்டாவது அடியையும் ஓரளவு தாங்கும்.

அப்படியானால் இழையை அள்ளிக் கொட்டலாமே என்றால், கலவை இறுகி, இழைகள் ஒன்றோடொன்று சிக்கி உருண்டை கட்டிவிடும். மெல்லிய பலகைகளில் இன்னொரு சங்கடம். வார்க்கும்போது இழைகள் முகத்துக்கு இணையாகப் படுத்துவிடும். பின்முகத்தைப் பெயர்க்கும் விரிசலும் ஏறக்குறைய அதே திசையில் ஓடுவதால், குறுக்கே நின்று பிடிக்க வேண்டிய இழைகளில் பல சும்மா படுத்திருக்கும்.