டயர் எழுத்தும் வால்வும் நேர்கோட்டில்: ரோடு சைக்கிள் அழகின் இயற்பியல்

ரோடு சைக்கிள் ஓட்டுபவர்கள் வண்டியின் தோற்றத்தில் பிடிவாதக்காரர்கள். டயரில் அச்சிட்ட நிறுவனப் பெயர் சரியாக வால்வுக்கு நேரே வர வேண்டும். செயின் வெள்ளிபோல் மின்ன வேண்டும். கீழ்நோக்கி வளைந்த ஹேண்டில்பாரில் சுற்றும் டேப்பின் சுற்றுகள் எல்லாம் ஒரே சாய்வில் இருக்க வேண்டும். கேபிள் கண்ணில் படக் கூடாது. ஹேண்டில்பாரை முன் ஃபோர்க்கின் தண்டோடு இணைக்கும் ஸ்டெம்முக்குக் கீழே ஒரு ஸ்பேசர் வளையம்கூட இருக்கக் கூடாது. இந்த ஓட்டம் பழகாதவர்களுக்கு இதெல்லாம் பகட்டாகத் தெரியும். ஆனால் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால், பலவற்றின் அடியில் ஒரு மெக்கானிக்கின் காரணம் இருக்கிறது. ஒன்றிரண்டில் மட்டும் அழகுக்கு வண்டிதான் விலை கொடுக்கிறது.

டயர் எழுத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். 28 மி.மீ. ரோடு டயரின் சுற்றளவு ஏறத்தாழ 2.1 மீட்டர். பஞ்சர் ஆனால் டியூபில் ஓட்டையைக் கண்டுபிடிப்பது எளிது, காற்றடித்துக் காதருகே வைத்தாலே தெரிந்துவிடும். ஓட்டை போட்ட முள்ளையோ கம்பித் துணுக்கையோ டயரில் தேடுவதுதான் கடினம். அது வெளியே நீட்டிக்கொண்டு நிற்காது. ரப்பருக்குள் புதைந்து, டயர் அழுந்தும்போது மட்டும் நுனி எட்டிப் பார்க்கும். அதை எடுக்காமல் புது டியூப் போட்டால் அடுத்த கிலோமீட்டரிலேயே மறுபடியும் காற்று இறங்கும். எழுத்து வால்வுக்கு நேராக இருந்தால் கணக்கு சுலபம். டியூபில் வால்விலிருந்து 20 செ.மீ. தள்ளி ஓட்டை என்றால், டயரில் எழுத்திலிருந்து இரு பக்கமும் 20 செ.மீ. தள்ளி இரண்டே இடங்களைப் பார்த்தால் போதும். கழற்றும்போது டியூபின் எந்தப் பக்கம் வலப்புறம் இருந்தது என்று கவனித்திருந்தால் ஒரே இடம். ஓட்டை டியூபின் உட்புறம், ரிம்மைப் பார்த்த பக்கம் இருந்தால் டயரைத் தேடவே வேண்டாம், ரிம்மின் ஸ்போக் துளைகளை மூடும் ரிம் டேப் விலகியிருக்கிறது. பக்கத்துப் பக்கமாக இரண்டு ஓட்டைகள் என்றால் காற்று குறைவாக இருந்து பள்ளத்தில் டியூப் ரிம்மோடு நசுங்கியிருக்கிறது. டியூப்லெஸ் டயரில் இந்தப் பயன் கிட்டத்தட்ட இல்லை. ஆனாலும் பழகிய கை அங்கும் எழுத்தை வால்வுக்கு நேராகத்தான் வைக்கிறது.

செயினின் மினுமினுப்பு இன்னும் முக்கியமான சங்கதி. ஒரு கண்ணியின் நீளம் 12.7 மி.மீ., அதாவது அரை அங்குலம். செயின் "நீண்டுவிட்டது" என்று சொல்கிறோம், ஆனால் இரும்பு நீள்வதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் பின் சுழலும் இடம் தேய்ந்து ஆட்டம் கொடுக்கிறது. நூற்றுக்கு மேற்பட்ட கண்ணிகளின் ஆட்டம் கூடிச் செயின் நீளமாகிறது. தேய்ப்பது எது? எண்ணெய், சாலைத் தூசு, உதிர்ந்த இரும்புத்தூள் மூன்றும் சேர்ந்த கறுப்புக் குழம்பு. அது சாணை பிடிக்கும் பசைக்குச் சமம். 24 கண்ணிகளை இரும்பு ஸ்கேலில் அளந்தால் புதுச் செயினில் 304.8 மி.மீ. வரும். 1.5 மி.மீ. கூடியிருந்தால் அரை சதவீதத் தேய்மானம்; 11, 12 கியர் செயின்களை அப்போதே மாற்றிவிட வேண்டும். விட்டுவிட்டால் தேய்ந்த செயின் பின்சக்கரத்தின் பற்சக்கர அடுக்கான கேசட்டின் பற்களையும் தன் அளவுக்கு அரித்துக்கொள்ளும். பிறகு புதுச் செயின் போட்டாலும் பற்களில் உட்காராது, அழுத்தி மிதிக்கும்போது வழுக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. வெளியே பளபளப்பது உள்ளே சுத்தம் என்பதற்குச் சாட்சி ஆகாது. கிளீனரைத் தெளித்துத் துணியால் துடைத்தால் தகடுகள் மின்னும். கரைந்த அழுக்கோ பின்னுக்கும் ரோலருக்கும் நடுவே இன்னும் ஆழமாகப் போய்விடும். பார்வையும் பயனும் ஒன்றாகச் சேர்வது பாரஃபின் மெழுகில்தான். புதுச் செயினில் ஆலையில் பூசிய கிரீஸை மினரல் டர்பன்டைனில் இரண்டு மூன்று முறை குலுக்கி முழுவதும் நீக்க வேண்டும். அதன் எண்ணெய்ப் படலம் போக ஸ்பிரிட்டில் ஒரு அலசல். நன்றாகக் காய்ந்ததும் 80 முதல் 90 பாகை செல்சியஸில் உருகிய மெழுகில் பத்து நிமிடம் மூழ்கவைத்து, நடுநடுவே அசைத்துவிட வேண்டும். மெழுகுப் பாத்திரத்தை நேரடியாக அடுப்பில் வைக்கக் கூடாது, தீப்பிடிக்கும். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்குங்கள். எடுத்துத் தொங்கவிட்டு ஆறியதும் செயின் கம்பிபோல் விறைத்திருக்கும். ஒவ்வொரு கண்ணியையும் மடக்கி உடைத்துவிட்டு மாட்டலாம். காய்ந்த மெழுகில் தூசு ஒட்டாது, விரலில் கறை படாது. ஏறத்தாழ 300 கி.மீ. வரை ஓடும். மழையில் நனைந்தால் மட்டும் அன்றே துடைத்து மறுபடி மெழுகிட வேண்டும், இல்லையென்றால் மறுநாள் காலை துருப் பூத்திருக்கும்.

சுத்தமான செயினால் வேகம் கூடுமா? 1999இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஸ்பைசர் குழுவினர் ஆய்வகத்தில் அளந்தபோது, செயின் கடத்தும் திறன் அதிகபட்சம் 98.6 சதவீதம் வரை எட்டியது. பெரிய பற்சக்கரமும் இறுக்கமான செயினும் இழப்பைக் குறைத்தன. எண்ணெயின் வகை பெரிய மாற்றம் எதையும் காட்டவில்லை. அது தூசில்லாத ஆய்வகம். சாலையில் செயின் சுத்தத்தின் முதல் பலன் உதிரிப்பாகங்களின் ஆயுள் என்பதே என் கணிப்பு; வேகம் அதற்குப் பிறகுதான்.

இனி டேப். நல்ல கைவேலையை ஒரு பார்வையில் காட்டிக்கொடுக்கும் இடம் இதுதான். டேப்பைக் கைப்பிடியின் கீழ்முனையிலிருந்து தொடங்கி மேலே கொண்டுபோக வேண்டும். ஓட்டு வீட்டில் இறவாணத்திலிருந்து தொடங்கி மேல்நோக்கி ஓடு வேய்வது போலத்தான்: மேல் சுற்று கீழ்ச் சுற்றின் விளிம்பை மூடும். வளைவில் கை கீழ்நோக்கிச் சறுக்கும்போது விளிம்பு எதுவும் தட்டாது. மேலிருந்து தொடங்கினால் ஒவ்வொரு விளிம்பும் கைக்கு எதிராக நிற்கும், ஒரு மாதத்தில் சுருண்டு எழும்.

திசையும் உண்டு. கீழ்ப்பிடியில் கைகள் வெளிப்பக்கமாக முறுக்குகின்றன. அதனால் இருக்கையில் உட்கார்ந்து பார்க்கும்போது வலப்பக்கம் கடிகார முள் திசையிலும் இடப்பக்கம் எதிர்த் திசையிலும் சுற்ற வேண்டும். அப்போது ஒவ்வொரு பிடிப்பும் டேப்பை இறுக்கும். ஆனால் அதே சுற்று மேல் நேர்ப்பகுதிக்கு வரும்போது டேப் ஓட்டுபவரிடமிருந்து விலகி முன்னோக்கி ஓடும். அங்கே கை பின்னோக்கித்தான் முறுக்கும், டேப் தளரும். பழைய மெக்கானிக்குகள் பிரேக் லீவரைச் சுற்றி எட்டு போடுவது இதற்காகத்தான்: அந்த எட்டு சுற்றும் திசையைத் திருப்பிவிடுகிறது.

வளைவில் இடைவெளி விழுவது எல்லோரும் செய்யும் பிழை. காரணம் வெறும் வடிவகணிதம். 30 மி.மீ. அகல டேப்பை மூன்றில் ஒரு பங்கு மேலேற்றிச் சுற்றினால் ஒரு சுற்றுக்கு 20 மி.மீ. முன்னேறும். வளைவின் மைய ஆரம் 65 மி.மீ., குழாயின் விட்டம் 24 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். வெளிவளைவின் ஆரம் 77, உள்வளைவின் ஆரம் 53. எனவே வெளிப்புறம் அதே சுற்று 23.7 மி.மீ. நகர்கிறது, உட்புறம் 16.3 மட்டும். வெளிப்புறம் மேலேறும் அளவு 10லிருந்து 6 மி.மீ. சொச்சமாகச் சுருங்குகிறது. டேப்பைக் கொஞ்சம் தளர்வாக விட்டால் அந்த ஆறும் போய், கீழே இருக்கும் கறுப்புக் குழாய் பல்லிளிக்கும். வளைவு வரும்போது மட்டும் பாதி மேலேற்றுங்கள், இழுவிசையைக் குறைக்காதீர்கள்.

தொடங்கும்போது டேப்பின் பாதி அகலத்தைக் குழாய் முனைக்கு வெளியே விட்டு, உள்ளே மடித்து, மூடியை அழுத்த வேண்டும். அந்த மூடி அலங்காரமல்ல. திறந்த குழாய் விழும்போது தோலையும் தசையையும் வட்டமாகக் குடைந்துவிடும். போட்டிகளில் மூடி இல்லாத வண்டியை அனுமதிக்க மாட்டார்கள். வெள்ளை டேப் விரும்பிகள் அடிக்கடி டேப் மாற்ற வேண்டியிருக்கும், அதிலும் ஒரு நன்மை உண்டு. வியர்வை உப்பு டேப்புக்கு அடியில் தேங்கி அலுமினியத்தை அரிக்கிறது. டேப்பை உரிக்கும் நாளில்தான் அந்த வெண்பொடியும் குழிகளும் கண்ணில் படும். கடற்கரைச் சாலையில் ஓட்டும் சென்னைக்காரர்கள் வருடம் ஒருமுறையாவது உரித்துப் பாருங்கள்.

கேபிளுக்கு வருவோம். கம்பி கேபிள் போகும் உறை வளையும் ஒவ்வொரு இடத்திலும் உராய்வு பெருகுகிறது. துறைமுகத்தில் கப்பல் கயிற்றை முளையில் இரண்டு சுற்றுச் சுற்றி ஒரே ஆள் பிடித்து நிற்பதற்குக் காரணமான அதே விதிதான். உராய்வெண் 0.1 என்று கொண்டால், மொத்தம் 180 பாகை வளைந்த கேபிளில் மறுமுனையில் 10 கிலோ இழுவை கிடைக்க இங்கே 13.7 கிலோ இழுக்க வேண்டும். 360 பாகை வளைந்தால் 18.7 கிலோ. கூட்டல் அல்ல, பெருக்கல். ஆகவே உறை அதிகமாகத் தொங்கி வளைந்து நெளிந்தால் அசிங்கமும் நட்டமும் சேர்ந்தே வருகின்றன. மிகக் குட்டையாக வெட்டினாலும் தவறு. ஹேண்டிலை முழுக்கத் திருப்பும்போது உறை இழுபட்டுக் கியர் தானாக மாறும். இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்து அளவெடுங்கள். வெட்டிய முனையை அரத்தால் தட்டையாக்கி, உள்குழலின் வாயை ஊசியால் திறந்துவிடுங்கள். 11 கியர் கேசட்டில் அடுத்தடுத்த பற்சக்கரங்களுக்கு இடையே 4 மி.மீ.கூட இல்லை. உறையின் முனை கோணலாக இருந்து இழுக்கும்போது அமுங்கினால், அந்தப் பிழை நேராகக் கியரில் வந்து நிற்கும்.

ஸ்டெம்மை அடிமட்டத்துக்கு இறக்குவதில் நியாயம் பாதிதான். தட்டைச் சாலையில் 40 கி.மீ. வேகத்தில் உங்கள் சக்தியில் பெரும்பங்கு காற்றை விலக்கவே செலவாகிறது. காற்று எதிர்ப்புப் பரப்பு 0.32 சதுர மீட்டர் என்றால் அதற்கு 263 வாட் வேண்டும், 0.30 ஆகக் குறைந்தால் 247 வாட் போதும். முதுகு தாழ்ந்து முழங்கை மடங்கினால்தான் இந்தக் குறைவு கிடைக்கும். இடுப்பு வளையாதவர் தாழ்ந்த ஹேண்டிலைப் பிடிக்கக் கையை நேராக நீட்டிவிடுவார், கழுத்து வலிதான் மிஞ்சும்.

அதனால் ஸ்பேசர்களை முதலில் ஸ்டெம்முக்கு மேலே மாற்றிச் சில வாரம் ஓட்டிப் பாருங்கள். உடம்பு ஒத்துக்கொண்ட பிறகே ஃபோர்க் தண்டை அறுக்கலாம், அறுத்ததை ஒட்ட முடியாது. கார்பன் தண்டில் 5 மி.மீ. ஸ்பேசர் ஒன்றை மேலேயே விட்டுவிடுங்கள். அழகு பார்ப்பவர்களுக்கு அது உறுத்தும், ஆனால் ஸ்டெம்மின் முழு உயரமும் தண்டைப் பிடிக்க அது உதவுகிறது. தண்டின் விளிம்பில் பளு விழாது. தண்டின் நுனி மேல் ஸ்பேசரின் விளிம்புக்கு 3 மி.மீ. கீழே இருக்க வேண்டும், அப்போதுதான் தண்டின் மேல்மூடி ஸ்பேசரையும் ஸ்டெம்மையும் அமுக்கும். முதலில் மூடித் திருகை ஆட்டம் போகும் அளவுக்கு மட்டும் இறுக்கி, பிறகு ஸ்டெம் திருகுகளை மாற்றி மாற்றி, பொதுவாக 5 நியூட்டன் மீட்டர் வரை, முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சில் இறுக்குங்கள். ஸ்டெம்மில் பொறித்த அளவு வேறாக இருந்தால் அதுவே கணக்கு.

கேபிளே தெரியாத இன்றைய வண்டிகள்தான் எனக்குக் கவலை தருபவை. ரோடு போட்டிகளில் டிஸ்க் பிரேக்கை சர்வதேச சைக்கிள் கூட்டமைப்பு 2018இல் முழுமையாக அனுமதித்தது. ஹைட்ராலிக் குழாயில் அழுத்தம் வளைவுகளால் குறைவதில்லை, மின் கியருக்கு இழுக்கும் கம்பியே தேவையில்லை. ஆகவே எல்லாவற்றையும் ஸ்டெம் வழியாக, ஹேண்டில் திரும்ப உதவும் ஹெட்செட் பேரிங்குக்கு நடுவே, ஃபிரேமுக்குள் நுழைத்துவிட்டார்கள். பார்க்க அத்தனை அழகு. ஆனால் வியர்வை சொட்டுவது நேராக அந்த மேல் பேரிங்கின்மீது. அதை மாற்ற வேண்டுமானால் பல வண்டிகளில் பிரேக் குழாய்களைக் கழற்றி, மறுபடி எண்ணெய் நிரப்பிக் காற்று நீக்க வேண்டும். பத்து நிமிட வேலை அரைநாள் வேலையாகிவிட்டது.

பேரிங் கெட்டதை முன்கூட்டியே அறிய, முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டிலை விரல்நுனியால் மெல்லத் திருப்புங்கள். நேரான நிலையில் ஒரு பள்ளத்தில் விழுவதுபோல் நின்றால் பேரிங்கின் பாதை குழிந்துவிட்டது. உள்ளே குழாய்கள் விறைப்பாக ஓடும் வண்டியில் இந்த உணர்வு மங்கலாகத்தான் வரும். அப்போது முன் பிரேக்கைப் பிடித்து, மேல் பேரிங் மூடியும் ஃபிரேமும் சேரும் இடத்தில் ஒரு விரலை வைத்து, வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். விரலுக்கடியில் நறநறவென்றோ, மூடி மயிரிழை நகர்வதாகவோ தெரிந்தால் அன்றே பிரித்துவிடுங்கள்.