கரண்ட் வந்ததும் ஓடாத மோட்டார்

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே டொங்காட்டில், 2022 ஏப்ரல் வெள்ளத்தில் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி, பல மாதம் குழாயில் தண்ணீர் வரவில்லை. அதற்கப்புறம் தொட்டி வைத்த ஒரு வீட்டுக்கு, தண்ணீர் மட்டம் பார்த்து மோட்டாரை ஓட்டும் பெட்டி ஒன்றைச் செய்து கொடுத்தேன். உள்ளே ஈஎஸ்பி32 சிப். மோட்டாரை இயக்கும் டிரைவ் என்ற கருவியோடு, ஆர்எஸ்-485 என்ற தகவல் வயரில் பேசும்.

என் மேசையில் ஒரு குறையும் இல்லை. 2023இல் லோட் ஷெடிங் (முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு) உச்சத்தில் இருந்தபோது வீட்டுக்காரப் பெரியவர் போன் செய்தார்: "கரண்ட் வந்துடுது தம்பி, மோட்டார்தான் சில நாள் வரமாட்டேங்குது."

தப்பு என்னுடையது. சிப்பின் இணைப்புக் கால்களை (பின்) மிச்சம் பிடிக்க நினைத்து, ஆர்எஸ்-485ஐ யுஆர்ட்0 என்ற தகவல் வாயிலில் மாட்டியிருந்தேன். சிப் விழிக்கும்போது தன் பூட் (தொடக்க) செய்திகளைக் கொட்டுகிற அதே யுஆர்ட். நான் வாங்கிய ஆர்எஸ்-485 மாட்யூல், அனுப்புவதா வாங்குவதா என்ற திசையைத் தானே மாற்றிக்கொள்ளும் வகை என்பதால் அத்தனையும் வயரில் போனது. டிரைவ் எதிர்பார்த்தது வினாடிக்கு 9600 பிட் வேகம், வந்ததோ 115200 வேகத்தில் குப்பை. பெட்டிக்கு முன்பே டிரைவ் விழித்துவிட்ட நாளில் அது பிழை காட்டிப் பூட்டிக்கொண்டது. மேசையில் நான் ஒருநாளும் இரண்டுக்கும் சேர்த்துக் கரண்டை நிறுத்திப் பார்க்கவில்லை.

"லாக் லெவலைத்தான் குறைத்தேனே!" என்று முதலில் எனக்கே கோபம். லாக் என்றால் நிரல் எழுதி அனுப்பும் குறிப்பு வரிகள்; அதன் லெவலைக் குறைப்பது நம் நிரலின் வாயை மட்டுமே மூடும். நம் நிரலை ஏற்றிவிடும் பூட்லோடருக்குத் தனி அமைப்பு. அதற்கும் முன்னால் பேசும், சிப்பிலேயே பதிந்த ரோம் நிரலை அடக்க, பூட் நேரத்தில் ஜிபிஐஓ15 என்ற பின்னைத் தாழ்நிலையில் இழுத்துப் பிடிக்க வேண்டும். மூன்றையும் செய்தேன். ஆனாலும் உண்மையான மருந்து ஆர்எஸ்-485ஐ யுஆர்ட்2க்கு மாற்றியதுதான்.

வயரில் போகாவிட்டாலும் லாக் இலவசம் இல்லை. 115200 வேகத்தில், எழுத்துக்குப் பத்து பிட் வீதம், ஒரு வினாடிக்கு 11,520 எழுத்துதான் போகும். 80 எழுத்து வரி ஒன்றுக்கு ஏறக்குறைய 7 மில்லிவினாடி. அதை, நடக்கும் வேலையை இடைமறித்து ஓடும் இன்டரப்டுக்குள் எழுதினால் சென்சார் துடிப்புகள் கைநழுவும். இன்னொரு கண்ணி: லாக் வரிக்குள்ளேயே எண்ணியை (கவுண்டர்) ஒன்று கூட்டியிருந்தேன். நிரலைச் சிப்பின் மொழிக்கு மாற்றும் கம்பைல் நேரத்திலேயே அந்த லெவல் வரிகள் வெட்டப்பட்டதும் எண்ணியும் நின்றுபோனது. அன்று போன அரை நாள் வீட்டில் யாருக்கும் புரியாது.

வைஃபை கடவுச்சொல்லை லாக்கில் அச்சிடுகிறவர்களும் உண்டு. போர்டில் செய்தி வெளியே போகும் டிஎக்ஸ் பின்னில் வயர் வைக்கிற யாரும் அதைப் படிக்கலாம். சொல்ல வெட்கமாக இருக்கிறது, என் பழைய நிரல் ஒன்றிலும் இருந்தது.

அதற்காக மொத்தமாக வாயைக் கட்டிவிடவும் இல்லை. பிழை வரிகள் இருக்கின்றன. எத்தனை முறை பூட் ஆனது, கடைசியாக ஏன் ஆனது என்பதை, கரண்ட் போனாலும் அழியாத ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதி வைக்கிறேன். மேசையில் இப்போது டைமர் வைத்த பவர் பாக்ஸ் ஒன்று. பெட்டி, டிரைவ் இரண்டையும் ராத்திரி முழுக்க அணைத்து அணைத்துப் போடுகிறது.