பழைய பிக்கப் வாங்கியிருக்கிறீர்களா? பம்பைக் கழற்றும் முன் டேங்கைத் திறந்து பாருங்கள்

பழைய டீசல் பிக்கப்பை வாங்கி, டிங்கரிங், பெயிண்டிங் எல்லாம் முடித்த பிறகு, "வண்டி பிடிக்க மாட்டேங்குது, பம்பைப் பாருங்க" என்று பட்டறைக்கு வருகிறவர்கள் இப்போது அதிகம். பெரும்பாலும் டாடா 207, இல்லையென்றால் மஹிந்திரா. 1988-ல் வந்த டாடாமொபைலைத் தேடிப் பிடித்து வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். வண்டி ஊரில் நிற்கும். எஞ்சினுக்கு டீசலை அழுத்தி அனுப்புகிற அந்தப் பம்பு மட்டும் சாக்கில் சுற்றி என் மேஜைக்கு வரும். டேங்கில் என்ன இருக்கிறது என்று கேட்டால், அநேகமாக யாரும் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

பம்பை டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி, அது தள்ளும் டீசல் அளவைச் சரிசெய்யும் கலிபரேஷன் செய்வதுதான் டீசல் வேலையில் பெரிய செலவு. ஆனால் அந்தக் காலத்து இன்லைன் பம்பு, அதாவது சிலிண்டருக்கு ஒரு எலிமென்ட் என்று வரிசையாக நிற்கும் பம்பு, லேசில் சாகாது. அதற்குள் டீசலைத் தள்ளும் தண்டான எலிமென்டுக்கும் அது ஓடும் குழலான பேரலுக்கும் நடுவே இருக்கிற இடைவெளி சில மைக்ரான்தான். அதைக் கெடுப்பது தண்ணீரும் துருத்தூளும். அது வருகிற இடம் டேங்க். டேங்கை அப்படியே விட்டுவிட்டு பம்பை மட்டும் சர்வீஸ் செய்து மாட்டினால், கொஞ்ச நாளில் அதே பம்பு அதே சாக்கில் திரும்பி வரும்.

அதனால் பம்பில் கை வைக்கும் முன் கேன் வைத்து ஓட்டிப் பாருங்கள். சுத்தமான டீசல் உள்ள கேனை ஃபீட் பம்பைவிட (டேங்கிலிருந்து டீசலை இழுத்துப் பெரிய பம்புக்குக் கொடுக்கும் சின்னப் பம்பு) உயரத்தில், சைலன்சர் பைப்பின் சூடு படாத இடத்தில் கட்டி வையுங்கள். டேங்கிலிருந்து வரும் லைனைக் கழற்றிவிட்டு, கேனிலிருந்து புது ஹோஸ் போட்டு ஃபீட் பம்பில் கொடுங்கள். மிஞ்சிய டீசல் டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் லைனையும் கேனுக்கே திருப்பிவிடுங்கள். ஃபில்டர்களைப் புதிதாகப் போட்டு, ஹேண்ட் பிரைமரை (டீசலை ஏற்றும் கைப்பம்பு) அடித்து லைனில் இருக்கும் ஏரை எடுங்கள். இப்போது எஞ்சின் ஒழுங்காக ஓடினால் பம்பும், சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் நாசிலும் அநேகமாக நன்றாகவே இருக்கின்றன. கோளாறு டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில். ஒரு கேனும் இரண்டு முழ ஹோஸும் பெரிய செலவை மிச்சப்படுத்தும் என்றால் பலர் நம்புவதில்லை. பம்பு வேலை செய்து பிழைக்கிறவனே சொல்கிறேன், நம்புங்கள்.

அந்த நடுப்பகுதியில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். "லைன்ல எங்கயும் ஒழுகல சார்" என்பார்கள். ஃபீட் பம்புக்கு முன்னால் இருப்பது இழுக்கிற பக்கம். அங்கே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். காலையில் பிடிக்காது, பிரைமர் அடித்தால் பிடிக்கும், மேட்டில் ஏறும்போது இழுவை குறையும். ஃபீட் பம்புக்கு முன்னால் கொஞ்ச நேரத்துக்கு மட்டும் உள்ளே ஓடுவது தெரிகிற பிளாஸ்டிக் ஹோஸ் ஒரு துண்டு மாட்டிப் பாருங்கள், குமிழி ஓடுவது கண்ணுக்கே தெரியும். காரணம் வெடித்த ரப்பர் ஹோஸாகவோ, திரும்பத் திரும்ப மாட்டி இறுகிப்போன காப்பர் வாஷராகவோ இருக்கும். வாஷர் சில்லறைக் காசு, கழற்றினால் புதிது போடுங்கள்.

இன்னொன்று, டேங்க் மூடியில் இருக்கும் காற்றுத் துளை. மண் அடைத்துவிட்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, வண்டி கொஞ்ச தூரம் ஓடி நின்றுவிடும். மூடியைத் திறந்தால் "உஸ்" என்று சத்தம் வரும், மறுபடி ஓடும். இதற்குக்கூட பம்பைக் கழற்றிக் கொண்டுவந்தவர்கள் உண்டு.

சரி, டேங்குக்கு வருவோம். வருடக்கணக்கில் நின்ற டேங்கில் ஈரக் காற்று குளிர்ந்து தண்ணீராகி அடியில் தங்கும். தண்ணீரும் டீசலும் சேரும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து கறுப்பாக, சளி மாதிரி படியும். புது டீசலை மேலே ஊற்றினால் அது கலங்கி நேராக ஃபில்டருக்குப் போகும். டேங்கை இறக்கி, காலி செய்து, கழுவி, காயவைத்துத்தான் மாட்ட வேண்டும். டீசலை வாயால் உறிஞ்சி இறக்காதீர்கள். கொஞ்சம் நுரையீரலுக்குள் போனாலும் ஆபத்து. யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

டேங்கில் ஓட்டை இருந்தால் உடனே வெல்டிங் கடைக்குப் போகிறார்கள். காலி டேங்க்தானே என்று நினைக்கிறார்கள். முழு டேங்கைவிடக் காலி டேங்க்தான் பயங்கரம். சுவரில் ஒட்டியிருக்கும் டீசல் சூட்டில் ஆவியாகி, உள்ளே இருக்கும் காற்றோடு கலந்து வெடிக்கும். தண்ணீரில் அலசினோம் என்பதெல்லாம் போதாது. டேங்க் வேலையே செய்கிற, ஆவி முழுவதையும் வெளியேற்றத் தெரிந்த ஆளிடம் கொடுங்கள், அல்லது வேறு டேங்க் போடுங்கள். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகட்டில் டேங்க் செய்வதும் வேண்டாம். துத்தநாகம் டீசலைக் கெடுக்கும்.

பழைய ரப்பர் சீல்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2020 ஏப்ரல் முதல் நாடு முழுக்கக் கிடைக்கும் பி.எஸ். 6 டீசலில் கந்தகம் 10 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 10 பங்கு) மட்டுமே. அதற்கு முன் பி.எஸ். 4-ல் 50 இருந்தது. இந்த வண்டிகள் புதிதாக ஓடிய காலத்தில் அதைவிடப் பல மடங்கு. கந்தகத்தை எடுக்கிறபோது டீசலின் இயற்கையான வழுவழுப்பும் குறைகிறது. அதற்காகக் கம்பெனிகளே சேர்மானம் கலந்துதான் விற்கின்றன. நீங்கள் டேங்கில் டூ ஸ்ட்ரோக் ஆயில் ஊற்ற வேண்டியதில்லை. ஆனால் பழைய டீசலில் ஊறி உப்பிய சீல் புது டீசலில் சுருங்கிக் கசிய வாய்ப்பு உண்டு. பம்பைப் பிரிக்க நேர்ந்தால் சீல்களை விட்டான் என்கிற, டீசலைத் தாங்கும் ரப்பரில் போடச் சொல்லுங்கள்.

முதல் ஸ்டார்ட்டில்தான், கேன் வைத்து ஓட்டிப் பார்க்கும்போதும்தான், கவனம் அதிகம் தேவை. நெடுநாள் நின்ற பம்புக்குள் டீசல் பிசினாகி, டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ரேக் முழு டெலிவரியில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். எஞ்சின் பிடித்ததும் ஆர்.பி.எம். ஏறிக்கொண்டே போகும், சாவியை அணைத்தாலும் நிற்காது. ஸ்டாப் லீவரைக் கையால் அசைத்து, தானாகத் திரும்புகிறதா என்று முதலிலேயே பாருங்கள். ஏர் கிளீனர் ஹோஸைக் கழற்றி வைத்து, இன்டேக் வாயை அடைக்க ஒரு தட்டையான பலகையோடு ஒருவர் நிற்கட்டும். உள்ளங்கையால் அடைக்கக் கூடாது.

நாசிலை வெளியே எடுத்துத் தெளிப்பு பார்க்கும்போதும், ஓடும் எஞ்சினில் பம்பிலிருந்து நாசிலுக்குப் போகும் டெலிவரி பைப்பின் கசிவைத் தேடும்போதும் கையைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள், அட்டையை நீட்டிப் பாருங்கள். நாசில் திறப்பதே 100 பார் அழுத்தத்துக்கு மேல். டீசல் தோலைத் துளைத்து உள்ளே போனால் வெளியே ஒரு புள்ளிதான் தெரியும், வலிகூட அப்போது இருக்காது. சில மணி நேரத்தில் விரல் வீங்கும். தாமதித்தால் விரலையே எடுக்க வேண்டி வரலாம். வீங்கட்டும் பார்க்கலாம் என்று காத்திருக்காமல், டீசல் உள்ளே போய்விட்டது என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.

வண்டி ஓட ஆரம்பித்ததும் முதல் டேங்க் டீசல் தீர்வதற்குள் துணி ஃபில்டர், பேப்பர் ஃபில்டர் இரண்டையும் கழற்றிப் பாருங்கள். பேப்பரில் செம்பழுப்புத் தூள் இருந்தால் டேங்க் இன்னும் துரு விடுகிறது. கறுப்புச் சளி இருந்தால் கழுவியது போதவில்லை. இரண்டுக்குமே டேங்கை மறுபடி இறக்க வேண்டியதுதான்.